வழித்துணையாக வரும் கல்

இன்று நான் சொல்லப்போவதில் கடினமான பகுதி ஒன்று உண்டு, அதை முன்வரிசையைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் மாணவர்களை நம்பித்தான் வைத்திருக்கிறேன்.

இந்தக் கூட்டத்துக்கு அழைக்க வந்த இளைஞர், "சார், நோட்டீசில் 'பூமிக்கு இரண்டாவது நிலா'ன்னு போட்டுடலாமா? கூட்டம் வரும்" என்று கேட்டார். "வேண்டாம் தம்பி" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. பத்திரிகைகளில் அப்படித்தானே வருகிறது என்று அவர் நினைத்திருப்பார். வருகிறதுதான். ஆனால் அது நிலா இல்லை. ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொள்வது, இரண்டாவது நிலா ஒன்று இருப்பதாகக் கேள்விப்படுவதைவிடப் பல மடங்கு இன்பமானது. அந்த இன்பத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

கதை 2016 ஏப்ரல் 27 அன்று தொடங்குகிறது. ஹவாய்த் தீவுகளில் மாவி என்று ஒரு தீவு. அதில் ஹலேயாகலா என்ற எரிமலை, கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் மீட்டருக்கும் மேலே உயர்ந்து நிற்கிறது. அதன் உச்சியில் பான்-ஸ்டார்ஸ் என்ற தொலைநோக்கி. இரவுதோறும் வானத்தைப் படம் பிடிப்பதும், ஒரே பகுதியின் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எந்தப் புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று தேடுவதும் அதன் வேலை. விண்மீன்கள் தங்கள் இடத்திலேயே இருக்கும், சிறுகோள் நகர்ந்திருக்கும். அன்று நகர்ந்த புள்ளி ஒன்றுக்கு 2016 எச்ஓ3 என்று அடையாளம் கொடுத்தார்கள். அதில் வரும் எச் என்ற எழுத்து ஏப்ரல் மாதத்தின் பின்பாதியைக் குறிக்கும். பிறகு பழைய வானப் படங்களைப் புரட்டினால், 2004லேயே வேறொரு ஆய்வின் படத்தில் இதே கல் பதிவாகியிருந்தது. யாரும் கவனித்திருக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் அதன் இடங்கள் தெரிந்துவிட்டால் பாதையைத் துல்லியமாகக் கணக்கிடலாம். கணக்கிட்டார்கள். அந்தப் பாதைதான் இன்றைய பேச்சு.

அதற்கு முன் ஒன்று. இவ்வளவு அருகில் இருப்பதாகச் சொல்லும் கல்லை 2016 வரை ஏன் யாரும் காணவில்லை? அது அவ்வளவு மங்கல். வான்பொருள்களின் வெளிச்சத்தை எண்ணால் சொல்வது வழக்கம். எண் கூடக்கூட வெளிச்சம் குறையும். ஐந்து எண் கூடினால் வெளிச்சம் நூறில் ஒரு பங்காகும் என்று இந்த அளவை ஒழுங்குபடுத்தியவர் நார்மன் போக்சன். நம் சென்னையோடு அவருக்கு ஆழ்ந்த உறவு உண்டு. 1861இல் மதராஸ் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தவர், அந்த ஆண்டு ஏப்ரல் மாதமே இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அது. அதற்கு ஏசியா என்றே பெயர் வைத்தார். சென்னையிலேயே வாழ்ந்து 1891இல் இங்கேயே மறைந்தார். அவர் பெயரைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும்போது சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. அவருடைய அளவில், நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி விண்மீனின் எண் ஆறு. நம் கல் மிக நன்றாகத் தெரியும் காலத்திலும் அதன் எண் இருபத்து மூன்றை ஒட்டியது. அதாவது, கண்ணின் எல்லையில் இருக்கும் விண்மீனைவிட ஏறத்தாழ அறுபது லட்சம் மடங்கு மங்கல். குறுக்களவு நாற்பது முதல் நூறு மீட்டருக்குள் என்று மதிப்பிடுகிறார்கள். பதின்மூன்று மாடிக் கட்டடம் தொடங்கி முப்பது மாடிக் கட்டடம் வரை எந்த அளவிலும் இருக்கலாம்.

பெயரையும் சொல்லிவிடுகிறேன். ஹீலோ நகரின் இமிலோவா வானியல் மையம் நடத்திய திட்டத்தில், ஹவாய் மொழியில் படிக்கும் மாணவர்களும் மொழி அறிந்த பெரியவர்களும் சேர்ந்து உட்கார்ந்து இதற்குக் கமோஓஅலேவா என்று பெயர் வைத்தார்கள். படைப்பைப் பாடும் அவர்களுடைய பழம்பாடலான குமுலிப்போவில் வரும் சொல் அது. பெரிய ஒன்றிலிருந்து உடைந்த துண்டு, அசைந்தாடிச் செல்வது என்ற இரண்டு பொருளும் அதில் உண்டு. இந்த இரண்டு பொருளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அசைந்தாடுவது பாதையைப் பற்றியது. உடைந்த துண்டு என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இனி பாதை.

கோயில் பிரகாரம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். நடுவில் கருவறை, அதுதான் சூரியன். அக்கா ஒருத்தி பிரகாரத்தின் நடுவே சீரான நடையில் வலம் வருகிறாள். தங்கையும் கூடவே வலம் வருகிறாள். ஆனால் அவள் ஒரு பக்கம் கருவறைச் சுவரை ஒட்டி விரைந்து நடக்கிறாள். எதிர்ப்பக்கம் போனதும் மதிலோரமாக ஒதுங்கி மெல்ல நடக்கிறாள். ஒரு சுற்றை இருவரும் ஒரே நேரத்தில் முடிக்கிறார்கள். இதுதான் நிபந்தனை, இதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது அக்காவின் கண்ணால் பாருங்கள். அவள் கருவறைப் பக்கம் திரும்பினால் அங்கே தங்கை வேகமாகத் தன்னைக் கடந்துபோகிறாள். சற்று நேரத்தில் தங்கை தனக்கு முன்னால் இருக்கிறாள். பிறகு முன்னாலிருந்து மதில் பக்கமாக விலகி, நடை தளர்ந்து, பின்னால் போகிறாள். பின்னால் போனவள் மறுபடி உள்பக்கம் வருகிறாள். வலம், முன், இடம், பின், மறுபடி வலம். ஒவ்வொரு வலத்துக்கும் தங்கை அக்காவை ஒரு முறை முழுதாகச் சுற்றிவிடுகிறாள். தங்கை அப்படி நினைத்து நடக்கவில்லை. அவள் கும்பிட வந்தது கருவறையை.

கமோஓஅலேவா செய்வது இதுதான். நாம் சூரியனிலிருந்து ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டரில் சுற்றுகிறோம். இந்தக் கல்லின் பாதை சற்றே நீள்வட்டம். ஒரு பக்கம் பதின்மூன்றரைக் கோடி கிலோமீட்டர் வரை சூரியனை நெருங்குகிறது, மறுபக்கம் பதினாறரைக் கோடி வரை விலகுகிறது. சராசரி எடுத்தால் நம் பாதையின் அளவேதான். சராசரித் தொலைவு ஒன்றானால் ஆண்டும் ஒன்றாக வேண்டும் என்பது கெப்ளர் கண்ட விதி. கல்லின் ஆண்டு சுமார் 366 நாள். நெருங்கும்போது நொடிக்கு 33 கிலோமீட்டர் வேகம், விலகும்போது 27. நமக்கு ஏறத்தாழ 30. ஆகவே உள்பக்கம் வரும்போது நம்மை முந்துகிறது, வெளிப்பக்கம் போகும்போது பின்தங்குகிறது. போதாததற்கு, அதன் பாதை நம் பாதையின் தளத்துக்கு எட்டு பாகை அளவு சாய்ந்திருப்பதால், ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு கோடி கிலோமீட்டர் மேலே ஏறி, அதே அளவு கீழே இறங்குகிறது. பெயரில் இருக்கும் அசைந்தாட்டம் இதுதான்.

இங்கிருந்து பார்த்தால் அது நம்மைச் சுற்றி ஒரு நீண்ட வளையம் போடுகிறது. அகலத்தைப் போல இரு மடங்கு நீளம். சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைத் தொடாமல் வளைத்துக்கொண்டு போகுமே, அப்படி. நிலவின் தொலைவைப் போல முப்பத்தெட்டு மடங்குக்குக் குறைவாக நம்மிடம் நெருங்குவதில்லை. நூறு மடங்குக்கு மேல் விலகுவதும் இல்லை. ஆண்டுதோறும் ஏப்ரலில் அது வெளிப்பக்கம், சூரியனுக்கு எதிர்த்திசையில் இருக்கும். பெரிய தொலைநோக்கிகள் அப்போதுதான் அதைப் பிடிக்க முடியும். அக்டோபரில் உள்பக்கம் வந்துவிடுவதால் சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிடும். நம்முடைய ஆண்டும் அதனுடைய ஆண்டும் ஒன்றாக இருப்பதால், தை பிறந்தால் பொங்கல் என்பதுபோல இதுவும் மாதம் மாறாமல் வருகிறது.

சரி, நம்மைச் சுற்றுவது போலத் தெரிகிறதே, அதை நிலா என்றால் என்ன தப்பு? தப்பு இங்கே இருக்கிறது. சூரியனின் இழுப்பையும் மீறி ஒரு பொருளைப் பூமி தன் பிடியில் வைத்துக்கொள்ளக்கூடிய எல்லை சுமார் 15 லட்சம் கிலோமீட்டர். நிலவு ஏறத்தாழ நான்கு லட்சம் கிலோமீட்டரில், பிடிக்குள் பத்திரமாக இருக்கிறது. இந்தக் கல் மிக அருகில் வரும்போதே ஏறக்குறைய ஒன்றரைக் கோடி கிலோமீட்டர். எல்லையைப் போலப் பத்து மடங்கு. சுற்றும் திசையும் வேறு. பூமி சூரியனைச் சுற்றும் அதே திசையில்தான் நிலவு பூமியைச் சுற்றுகிறது. கல்லின் வளையம் அதற்கு எதிர்த்திசை. பிரகாரக் கதையை மறுபடி நடந்து பார்த்தால் ஏன் என்று புரியும்.

ஒரு கற்பனை செய்யுங்கள். பூமி இந்த நொடியே இல்லாமல் போகிறது. நிலவின் வாழ்க்கை தலைகீழாகிவிடும். மாதம் என்பதே அதற்கு இருக்காது, சூரியனைத் தனியே சுற்றத் தொடங்கிவிடும். கமோஓஅலேவா? இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அதே நீள்வட்டத்தில், அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பூமி போனது அதற்குத் தெரிய வெகு காலம் ஆகும்.

வெகு காலம் ஆனாலும் தெரிந்துவிடும் என்பதில்தான் அழகு இருக்கிறது. மாணவர்களே, கடினமான பகுதி என்று சொன்னது இதைத்தான்.

இரண்டு ஆண்டுகளும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கவே முடியாது. கல்லின் ஆண்டு நம்முடையதைவிட ஒரு துளி குறைவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் முன்கூட்டியே வரும். வளையம் முழுவதும் ஆண்டுக்காண்டு நமக்கு முன்னால் நகரும். இப்படியே போனால் ஒரு நாள் நம்மை விட்டுப் போய்விட வேண்டும். போவதில்லை. ஏன்?

வளையம் முன்னால் நகரும்போது அதன் பின்முனை நம்மை நெருங்கி வருகிறது. அந்த முனையில் கல் நமக்குப் பின்னால் இருக்கிறது; நாம் அதற்கு முன்னால். ஆகவே பூமியின் ஈர்ப்பு அதை முன்னோக்கி இழுக்கிறது. ஏற்கெனவே முந்திக்கொண்டிருப்பதை இன்னும் முன்னால் இழுத்தால் ஓடியே போய்விடாதா என்று கேட்பீர்கள். சாலையில் ஓடும் வண்டியானால் ஓடிவிடும். சூரியனைச் சுற்றும் பொருளுக்குக் கணக்கு வேறு. முன்னோக்கி இழுத்தால் அதற்கு ஆற்றல் கூடுகிறது. ஆற்றல் கூடினால் பாதை பெரிதாகிறது. பாதை பெரிதானால், கெப்ளர் சொன்னபடி, ஆண்டு நீள்கிறது. ஆண்டு நீண்டதும் கல் ஒவ்வொரு சுற்றிலும் தாமதித்து வரத் தொடங்குகிறது. முன்னால் நகர்ந்த வளையம் நின்று, திரும்பி, பின்னோக்கி நகர்கிறது. பின்னால் வெகுவாகப் போனால் இப்போது வளையத்தின் முன்முனை நம்மை நெருங்கும். அங்கே கல் நமக்கு முன்னால் இருப்பதால் பூமி அதைப் பின்னோக்கி இழுக்கும். ஆற்றல் குறையும், பாதை சுருங்கும், ஆண்டு குறையும், கல் மறுபடி முந்தத் தொடங்கும்.

முன்னால் இழுத்தால் பின்தங்குகிறது. பின்னால் இழுத்தால் முந்துகிறது. வகுப்பில் இந்த இடத்துக்கு வந்ததும் நான் கரும்பலகையை விட்டு ஒதுங்கி, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நிற்பது வழக்கம். இதை முதன்முதலில் எழுதிப் பார்த்துச் சரிதான் என்று உறுதிப்படுத்திக்கொண்ட இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. ஒன்றரைக் கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் இழுப்பு எவ்வளவு மெல்லியது! அது கல்லைப் பிடித்துக் கட்டவில்லை. அதன் ஆண்டைத் திருத்துகிறது, அவ்வளவுதான். பல பத்தாண்டுகளில் ஒருமுறை மெல்ல முன்னும் பின்னும் ஊசலாட வைத்து, நம்மோடு சேர்ந்தே வர வைக்கிறது.

இப்படிப்பட்டதற்குப் 'போலித் துணைக்கோள்' என்று தமிழில் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. போலி என்றால் ஏமாற்று. இந்தக் கல் யாரையும் ஏமாற்றவில்லை. நம் மொழியில் 'வழித்துணை' என்று ஒரு சொல் இருக்கிறது. வழித்துணையாக வருகிறவர் நம் வீட்டு ஆள் இல்லை, நம் பொறுப்பில் இருப்பவரும் இல்லை. அவருக்கும் போகிற ஊர் அதே ஊர், கிளம்பிய நேரமும் ஒத்துப்போயிற்று, பேச்சுத்துணையாகச் சேர்ந்து நடக்கிறார். துணைக்கோள் என்பதில் ஏற்கெனவே துணை இருக்கிறது. நிலவு துணைக்கோள், இது வழித்துணைக் கோள். இனி எழுதுகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வழித்துணை என்றால் ஏதோ ஒரு கிளைப்பாதையில் பிரிய வேண்டும். 2003 ஒய்என்107 என்ற இன்னொரு கல் 1996 முதல் 2006 வரை பத்தே ஆண்டு நம்மோடு இப்படி வந்து பிரிந்துவிட்டது. கமோஓஅலேவா அவ்வளவு அவசரப்படவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக நம்மோடு வருகிறது, இன்னும் முந்நூறு ஆண்டு வரும் என்பது கணிப்பு. அதன் பிறகு குதிரை லாடம் போன்ற பெரியதொரு பாதைக்கு மாறும். அதில் பூமியை நெருங்கும், நெருங்கியதும் திரும்பும், சூரியனுக்கு அந்தப்புறம் வரை போய் மறுபக்கமாக நெருங்கும். பிறகு மறுபடியும் வழித்துணையாக வரக்கூடும். காகிதத்தில் இப்படியொரு இயக்கம் இருக்கலாம் என்று 1913லேயே ஜான் ஜாக்சன் எழுதினார். வெள்ளிக் கோளுக்கு இப்படியொரு துணை இருப்பது 2004இல்தான் தெரிந்தது. தொண்ணூறு ஆண்டு காத்திருந்த கணிதம். பூமிக்கு இதுவரை தெரிந்த வழித்துணைகளைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் மிக நிலையாக வருபவற்றுள் ஒன்று இது என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்துப் பேசுகிறேன்.

இனி, கல்லைப் பற்றி. அது 28 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. இந்த வேகத்தில் அதன் நடுப்பகுதியில் ஒரு கூழாங்கல்லை வைத்தால், கல்லின் ஈர்ப்பைவிடப் பத்து மடங்குக்கும் மேலான விசை அதை வெளியே வீசியெறியும். ஆகவே அது தளர்வாகக் கிடக்கும் சரளைக் குவியலாக இருப்பது கடினம். ஒரே பாறைத் துண்டாகவோ, துகள்கள் ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொண்ட கட்டியாகவோ இருக்க வேண்டும்.

அது எங்கிருந்து வந்த பாறை? அரிசோனாவில் இரட்டைக் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதன் வழியாகவும் லோவல் வானாய்வகத் தொலைநோக்கி வழியாகவும் கல்லின் நிறமாலையைச் சேகரித்து, பெஞ்சமின் ஷார்க்கி, விஷ்ணு ரெட்டி, ரேணு மல்ஹோத்ரா உள்ளிட்ட குழு 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அந்த நிறம் வழக்கமான சிறுகோள்களின் நிறத்தைவிடச் சிவப்பு. அப்பல்லோ 14 கொண்டுவந்த நிலவு மண்ணை ஒத்திருந்தது. எப்போதோ ஒரு பெரும் மோதலில் நிலவிலிருந்து தெறித்த துண்டு இது என்று அவர்கள் கருதினார்கள். நிலவை விட்டுத் தப்ப நொடிக்கு 2.4 கிலோமீட்டர் வேகம் போதும். அதைச் சற்றே தாண்டிய வேகத்தில் தெறிப்பவற்றில் சில, நம்முடைய பாதையைப் போன்ற பாதையிலேயே வந்து சேரக்கூடும் என்று மல்ஹோத்ராவும் சக ஆய்வாளர்களும் 2023இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2024இல் வேறொரு குழு இடத்தையே சுட்டியது: நிலவின் மறுபக்கத்தில், 22 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஜோர்தானோ புரூனோ என்ற இளம் பள்ளம். பல கோடி ஆண்டுகளைக் கண்ட நிலவில் அந்தப் பள்ளத்துக்கு ஒரு கோடி ஆண்டுக்கு மேல் வயதில்லை.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள பட்டையிலிருந்து வந்த சாதாரணக் கல்லாகவும் இருக்கலாம், நெடுங்காலம் சூரியக் காற்றில் அடிபட்டு நிறம் சிவந்திருக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் மனம் நிலவின் பக்கம் சாய்கிறது. ஆனால் மனம் சாய்வதைச் சான்று என்று உங்களிடம் கொடுக்க மாட்டேன். இங்கேதான் பெயரின் இன்னொரு பொருளைச் சொல்ல வேண்டும். உடைந்த துண்டு என்ற பொருளுள்ள பெயர் 2019லேயே ஏற்கப்பட்டுவிட்டது; நிலவின் மண்ணோடு ஒப்பிட்ட கட்டுரை வந்தது 2021இல்.

சான்று தேடி ஒரு விண்கலம் புறப்பட்டிருக்கிறது. சீனாவின் சீச்சாங் ஏவுதளத்திலிருந்து 2025 மே மாதக் கடைசியில் கிளம்பிய தியான்வென்-2. வானிடம் கேட்கும் கேள்விகள் என்பது பெயரின் பொருள். கல்லை 2026இல் அடைந்து, அதைச் சுற்றிப் பார்த்து, மண் எடுத்து, 2027 இறுதியில் பூமிக்கு அனுப்பிவைப்பது திட்டம். ஈர்ப்பு ஏறக்குறைய இல்லாத இடத்தில், 28 நிமிடத்தில் சுழலும் தரையில் மண் எடுப்பது லேசான வேலை இல்லை. மிதந்தபடி எடுப்பது, தொட்டுவிட்டு விலகுவது, பற்றிக்கொண்டு துளைப்பது என்று பல வழிகளைக் கையோடு கொண்டுபோகிறது.

அந்தப் பிடி மண் ஆய்வகத்துக்கு வந்ததும் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். பாறையில் இருக்கும் ஆக்சிஜன் மூன்று எடைகளில் கிடைக்கிறது. மூன்றும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது ஒவ்வொரு வான்பொருளுக்கும் ஒரு குடும்ப அடையாளம். விண்கற்களில் பெரும்பாலானவை நம்மிடமிருந்து தெளிவாக வேறுபட்ட விகிதம் காட்டுபவை. பூமியும் நிலவுமோ ஏறத்தாழ ஒரே விகிதம். நிலவு பிறந்தபோது இரண்டும் ஒரே பொருளிலிருந்து திரண்டன என்று நம்ப அது ஒரு பெரிய காரணம். கமோஓஅலேவாவின் மண்ணை நிறுத்து, அதன் விகிதத்தைப் பக்கத்தில் எழுதுவார்கள். வேறாக இருந்தால், அது எங்கோ பிறந்து வழியில் சேர்ந்துகொண்ட அயலூர்க் கல். ஒன்றாக இருந்தால், இத்தனை காலமும் வழித்துணையாக நம்மோடு நடந்து வந்தது நம் வீட்டிலிருந்தே பிரிந்து போன உறவு.